அமெரிக்காவின் ‘கிஸ்’ குழுவும் நம்ம ஊர்க் கணியான் கூத்தும்



தலைப்பைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். கிஸ் என்பது அமெரிக்காவில் இருந்த ஒரு பாட்டுக் குழுவின் பெயர். தமிழ் ஐயாவிடம் காட்டி, அவர் ‘சரி, எழுது’ என்று சொன்ன பிறகுதான் இதை ஒட்டியிருக்கிறேன். போன தடவை நான் எழுதிய மழைநீர் சேகரிப்புக் கட்டுரையை யாரும் முழுசாகப் படிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். பாதியில் யாரோ பென்சிலால் மீசை வரைந்து வைத்திருந்தீர்கள். இதையாவது கடைசி வரை படியுங்கள். ரெண்டு சார்ட் ஆகிவிட்டது, மன்னிக்கவும்.

நான் டியூசன் படிக்கிற வீட்டில் ஒரு அண்ணன் இருக்கிறார். திருநெல்வேலியில் காலேஜ் படிக்கிறார். ஒருநாள் கரண்ட் போன நேரத்தில் அவர் செல்போனில் ஒரு வீடியோ காட்டினார். நாலு ஆம்பளைகள். முகம் முழுக்க வெள்ளைச் சாயம், அதன் மேல் கறுப்பில் கோலம். உதட்டில் சாயம். இடுப்பு வரை முடி. ஒருத்தர் வாயிலிருந்து சிவப்பாக ஒழுகுது. அப்புறம் அவரே தீயை ஊதுகிறார். பின்னால் வெடி வெடிக்குது. எங்க வகுப்புப் பையன்கள் ‘ஏல, செம ஸ்டைலுல!’ என்று செல்போனை ஆள் ஆளுக்குப் பிடுங்கினார்கள். அதில் ஒருத்தன் (பேர் சொல்ல மாட்டேன்) போன வருசம் கோயில் கொடை முடிஞ்ச மறுநாள், கணியான் கூத்தில் சேலை கட்டி ஆடினவர் மாதிரி இடுப்பை வளைத்து நடந்து காட்டி எல்லாரையும் சிரிக்க வைத்தவன்.

அன்றைக்கு நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயம். ஏனென்றால் சேலை கட்டி ஆடினவர் என் தாய்மாமா. இதை இதுவரை நான் இந்தப் பள்ளிக்கூடத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முதலில் அமெரிக்கா.

கிஸ் குழு 1973ஆம் ஆண்டு நியூயார்க் நகரத்தில் தொடங்கப்பட்டது. நாலு பேர்: பால் ஸ்டான்லி, ஜீன் சிம்மன்ஸ், ஏஸ் ஃப்ரேலி, பீட்டர் கிறிஸ். இதில் ஜீன் சிம்மன்ஸ் பிறந்தது இஸ்ரேல் நாட்டில். எட்டு வயதில் அம்மாவோடு அமெரிக்கா வந்தவர். கொஞ்ச காலம் பள்ளிக்கூட வாத்தியாராகக் கூட இருந்திருக்கிறார்! (நம்ம சார்களை அந்த வேஷத்தில் நினைத்துப் பார்க்காதீர்கள்.) ஆளுக்கு ஒரு வேஷம். பால் கண்ணைச் சுற்றி நட்சத்திரம் வரைந்துகொள்வார். ஏஸ் விண்வெளி மனிதர். பீட்டர் பூனை. ஜீன்தான் பூதம், ரத்தமும் தீயும் அவருடைய வேலை. நாலு பேரும் போட்டிருக்கும் பூட்ஸின் உயரம் நம்ம ஸ்கேலில் பாதிக்கு மேல் வரும். அதைப் போட்டுக்கொண்டுதான் குதிப்பார்கள்.

1973 ஜனவரி 30 அன்று முதல் நிகழ்ச்சி. ஒரு சின்ன கிளப். பார்க்க வந்தது பத்துப் பேர்கூட இல்லை. அதே வருசம் டிசம்பர் 31 அன்று ஒரு பெரிய மேடையில் ஜீன் முதல் தடவையாகத் தீ ஊதினார். அவர் தலைமுடியே பற்றிக்கொண்டது. அணைத்துவிட்டு மேலே வாசித்தார்கள்.

இவர்கள் பாட்டுக்கு ஹார்ட் ராக் என்று பெயர். அது என்னவென்று அண்ணனிடம் கேட்டேன். கோயில் மைக் செட்டில் சத்தத்தை அளவுக்கு மேல் கூட்டினால் குழாய் கரகரவென்று உடைந்த சத்தம் போடும் அல்லவா, எலெக்ட்ரிக் கிட்டாரில் அந்தக் கரகரப்பை வேண்டுமென்றே வர வைப்பார்கள். அதோடு கனமான டிரம், அடியில் தாழ்ந்த சத்தத்துக்கு பேஸ் கிட்டார். பாட்டு ரொம்ப சுலபமாக இருக்கும், கூட்டமும் சேர்ந்து கத்துகிற மாதிரி. ‘இவங்களைவிட நல்லா வாசிக்கிற ஆட்கள் அப்ப நிறைய பேர் இருந்தாங்க, ஆனா இவங்களை மாதிரி பாக்க வைக்கிற ஆள் இல்ல’ என்று அண்ணன் சொன்னார்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று. 1974லும் 1975லும் இவர்கள் மூன்று இசைத்தட்டு போட்டார்கள். மூன்றும் சரியாக விற்கவில்லை. கம்பெனி நொடிந்துபோகிற நிலைமை. ஆனால் நிகழ்ச்சிக்கு மட்டும் கூட்டம் கூடிக்கொண்டே போகுது. கடைசியில், மேடையில் வாசிக்கும்போது கூட்டத்தின் சத்தத்தோடு பதிவு செய்து, 1975 செப்டம்பரில் ‘அலைவ்’ என்று வெளியிட்டார்கள். அதுதான் பிய்த்துக்கொண்டு போனது. அறைக்குள் உட்கார்ந்து வாசித்ததில் வராத ஏதோ ஒன்று கூட்டத்தின் முன்னால் வந்திருக்கிறது.

இதைக் கேட்டதும்தான் எனக்குச் சுருக்கென்று மாமா ஞாபகம் வந்தது. மாமாவின் கூத்தை ஒருத்தர் செல்போனில் எடுத்து அனுப்பியிருந்தார். அதைப் பார்த்தால் நாலு பேர் நிற்கிறார்கள், ஒரே சத்தம், அவ்வளவுதான். அதே கூத்தை ராத்திரி ரெண்டு மணிக்குப் பந்தத்து வெளிச்சத்தில் சுடலைமாடன் முன்னால் பார்க்க வேண்டும். கழுத்துக்குப் பின்னால் முடி நிற்கும்.

கணியான் கூத்து என்பது நம்ம திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்துக் கலை. மகுடாட்டம் என்றும் சொல்வார்கள். தாமிரபரணிக் கரையில் சீவலப்பேரி தொடங்கி எத்தனையோ ஊரில் சுடலைமாடன் கோயில்கள் உண்டு. அங்கே கொடை என்றால், வழக்கம் உள்ள கோயில்களில் கணியான் கட்டாயம் வர வேண்டும். கணியான் என்பது சமூகத்தின் பெயர், அரசாங்கப் பட்டியலில் பழங்குடி. ஆட்கள் ரொம்பக் குறைவு. கரகாட்டம் யார் வேண்டுமானாலும் கற்றுக்கொண்டு ஆடலாம். இது அப்படி இல்லை, பரம்பரையாக அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வருவது. எங்கள் வீடும் அந்த வீடுதான்.

ஒரு குழுவில் ஆறு ஏழு பேர் இருப்பார்கள். தலைவருக்கு அண்ணாவி என்று பெயர். அவர்தான் கதை பாடுவார். பின்பாட்டுக்கு ஒருவர், தாளம் போட ஒருவர். மகுடம் அடிக்க ரெண்டு பேர். பெண் வேஷம் கட்டி ஆட ரெண்டு பேர். மைக் இல்லாத காலத்தில் இந்த ஆறு ஏழு பேர் சத்தம்தான் பக்கத்து ஊர் வரைக்கும் கேட்டது என்று ஆச்சி சொல்வாள்.

மகுடம் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். பார்க்கப் பறை மாதிரி வட்டமாக இருக்கும், மரச்சட்டத்தில் தோல் கட்டியது. ஆனால் குச்சியால் அடிப்பதில்லை. மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு ரெண்டு கை விரல்களாலும் அடிப்பார்கள். விடிகிற நேரத்தில் மகுடக்காரர் விரல்களைப் பார்த்தால் வீங்கியிருக்கும். ஒன்று உச்ச மகுடம், இன்னொன்று மந்த மகுடம். உச்சம் கீச்சென்று மேலே போகும். மந்தம் வயிற்றுக்குள்ளே கேட்கும். கிஸ் குழுவில் ஏஸ் கிட்டார் மேலே அலறும்போது ஜீன் பேஸ் கிட்டாரில் அடியில் தும் தும் என்று நிற்கிறாரே, அதே கணக்கு.

கூத்து தொடங்கும் முன்னால் மைதானத்து ஓரத்தில் வைக்கோலைக் கொளுத்தி மகுடத்தைக் காய்ச்சுவார்கள். சின்ன வயசில் குளிர் காயத்தான் காய்ச்சுகிறார்கள் என்று நினைத்து நானும் கையை நீட்டுவேன். அறிவியல் பாடத்தில் ஒலி நடத்தின பிறகுதான் புரிந்தது. தோலில் ஈரம் இருந்தால் தொளதொளவென்று இருக்கும். சூடு பட்டதும் ஈரம் போய்த் தோல் இறுகும். இறுகினால் அதிர்வெண் கூடும், சத்தம் கணீரென்று வரும். ராத்திரிப் பனி இறங்க இறங்கத் தோல் மறுபடியும் தளர்ந்துபோகும். அதனால்தான் நடுநடுவே நெருப்புப் பக்கம் ஓடுகிறார்கள். எப்போது ஓட வேண்டும் என்று அண்ணாவி பாடிக்கொண்டே கண்ணால் காட்டுவார். சத்தத்தைக் காதால் அளந்துவிடுவார். தேர்வில் ‘ஒலியின் சுருதி எதைப் பொறுத்தது’ என்று கேட்டபோது நான் மகுடத்தை எழுதினேன். சார் முழு மார்க் போட்டார்.

அண்ணாவி தாத்தாவிடம் புத்தகம் கிடையாது. ஒரு கையைக் காதில் வைத்துக்கொண்டு மகுடத்துக்கு நெருக்கமாக நின்று விடிய விடியப் பாடுவார். நமக்கு எட்டு வரி மனப்பாடப் பகுதிக்கே நாக்கு தள்ளுது. முதலில் சாமிகளுக்கும் குருவுக்கும் வணக்கம், பிறகு எந்தச் சாமிக்குக் கொடையோ அந்தச் சாமி கதை. சுடலைமாடன் கதை தெரியும்தானே? பார்வதி பிள்ளை வரம் கேட்க, விளக்குச் சுடரிலிருந்து விழுந்த பொறியில் பிறந்த பிள்ளை. பால் பத்தாமல் ராத்திரி மயானத்துக்குப் போய்ப் பிணத்தைத் தின்றுவிட்டு வந்த பிள்ளை. அதனால் கைலாயத்தில் வைத்துக்கொள்ள முடியாமல் பூமிக்கு அனுப்பிவிட்டார்கள். மலையாள நாட்டு மந்திரவாதியோடு சண்டை போடும் இடம் வரும்போது, மகுடம் வேகம் எடுக்கும். அந்த நேரத்தில்தான் சாமியாடிக்கு அருள் வரும். அருள் வரவில்லை என்றால் கூத்து சரியில்லை என்று அர்த்தம். கைதட்டல் கிடைக்கவில்லை என்றால் பாட்டுக்காரர் வீட்டுக்குப் போய்விடலாம். சாமி வரவில்லை என்றால் அண்ணாவி எங்கே போக முடியும்?

நள்ளிரவு தாண்டினால் இன்னும் வேறு மாதிரி. அம்மன் கூத்து என்று ஒன்று உண்டு. முகத்திலும் உடம்பிலும் வண்ணம் பூசி, ஒருவர் அம்மனாக வருவார். பேயாட்டம் உண்டு. பிறகு கைவெட்டு. கணியான் தன் கையைக் கீறி, அந்த ரத்தத்தைச் சாமிக்குக் கொடுப்பது. சாமிக்குப் படைக்கிற சோற்றில் அந்த ரத்தம் சேரும். அண்ணாவி தாத்தாவின் இடது கையில் தழும்புகள் இருக்கும். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல வரிசையாக. ஒரு கொடைக்கு ஒரு கோடு என்று நான் சின்ன வயசில் எண்ணுவேன். இப்போது எங்கள் குழுவில் ஒரு சொட்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதுவும் வேண்டாமே என்று அம்மா சொல்வாள். தாத்தா பதில் சொல்ல மாட்டார். எனக்கும் அது வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அதைப் பொய் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.

ஜீன் சிம்மன்ஸ் வாயிலிருந்து வருவது நிஜ ரத்தம் இல்லை, சாயக் கலவை. இதைக் கேட்டதும் பையன்கள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ஆனால் ஒருமுறை நிஜமாகவே கொடுத்திருக்கிறார்கள். 1977இல் மார்வெல் கம்பெனி கிஸ் குழுவை வைத்து ஒரு சித்திரக்கதைப் புத்தகம் போட்டது. ஸ்பைடர்மேன் போடுகிற அதே கம்பெனிதான். அப்போது நாலு பேரும் தங்கள் ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து, அச்சடிக்கும் சிவப்பு மையில் ஊற்றினார்கள். புத்தகம் விற்பதற்காக! ரத்தத்துக்கு அங்கேயும் ஒரு மதிப்பு இருக்கிறது பாருங்கள். அங்கே கொடுத்தது விளம்பரத்துக்கு, இங்கே ஊருக்கு நல்லது நடக்க.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. கிஸ் ஆட்கள் பத்து வருசம், சாயம் இல்லாத முகத்தை வெளியே காட்டவே மாட்டார்கள். யாராவது போட்டோ எடுக்க வந்தால் கைக்குட்டையால் மூடிக்கொள்வார்கள். மூட மூட ஜனங்களுக்கு ஆசை கூடியது. அவர்கள் முகம் போட்ட பொம்மை, பள்ளிக்கூட டிபன் பாக்ஸ் வரைக்கும் விற்றது. 1983இல் சாயத்தைக் கழுவிவிட்டு டிவியில் வந்தார்கள். கொஞ்ச காலம் அப்படியே ஓடியது. ஆனால் 1996இல் பழைய நாலு பேரும் மறுபடி சாயம் பூசி வந்தபோதுதான் கூட்டம் தாங்கவில்லை. பிறகு ஆட்கள் மாறினாலும் சாயம் மாறவில்லை. 2023 டிசம்பர் 2 அன்று நியூயார்க்கில் கடைசி நிகழ்ச்சி. ஏஸ் ஃப்ரேலி 2025 அக்டோபரில் இறந்துவிட்டார்.

என் மாமாவும் முகத்தை மறைக்கிறவர்தான். கொடை முடிந்ததும் விடியும் முன்னே ஆற்றுக்குப் போய்விடுவார். அரிதாரம், கண் மை, பொட்டு எல்லாம் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து, தாமிரபரணியில் முங்கி எழுந்து, சவுரி முடியையும் சலங்கையையும் பைக்குள் திணித்து, சட்டை போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறிவிடுவார். ராத்திரி அவரைக் கும்பிட்டுத் திருநீறு வாங்கினவர்களே பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள், தெரியாது. தெரிந்தால் கேலி. கொடை இல்லாத மாதங்களில் மாமா பெயிண்ட் அடிக்கப் போகிறார். அங்கேயும் சொல்வதில்லை. அவர்கள் முகத்தை மறைத்ததால் விலை ஏறியது. மாமா மறைப்பது, இறங்காமல் இருக்க.

‘பரியேறும் பெருமாள்’ படம் பார்த்திருப்பீர்கள். 2018இல் வந்தது, மாரி செல்வராஜ் எடுத்தது. அதில் கதாநாயகனின் அப்பா பெண் வேஷம் கட்டி ஆடுகிறவர். அந்த அப்பாவாக நடித்தவர் வண்ணார்பேட்டை தங்கராஜ். படத்துக்காக மட்டும் வேஷம் கட்டியவர் இல்லை, நிஜமாகவே கூத்தில் அப்படி ஆடி வந்த கலைஞர். 2023இல் இறந்துபோனார். அந்தப் படத்தில் அவரைச் சில பேர் அவமானப்படுத்துகிற காட்சி வரும். எங்கள் வீட்டில் டிவியில் போட்டபோது மாமாவும் இருந்தார். அம்மா ரிமோட்டைத் தேடினாள். மாமா ‘இருக்கட்டும் அக்கா, பாப்போம்’ என்று சொல்லிவிட்டார். கடைசி வரை பார்த்தார். ஒண்ணும் பேசவில்லை.

டியூசனில் வீடியோ பார்த்த அன்று ராத்திரி மாமாவுக்குப் போன் போட்டு, அமெரிக்காவில் ஆம்பளைகள் லிப்ஸ்டிக் போட்டு ஆடுகிறார்கள் என்று சொன்னேன். ‘அப்படியா தாயி, ஒரு நாளைக்கு எவ்வளவு கொடுப்பாங்களாம்?’ என்று கேட்டுச் சிரித்தார். பிறகு கேட்டார்: ‘பூட்ஸ் போட்டுக்கிட்டா ஆடுதாங்க? தரை எப்படித் தெரியும்?’ கூத்தில் வெறுங்காலோடுதான் ஆட வேண்டும். மந்த மகுடத்தின் சத்தம் தரை வழியாகக் காலுக்கு வருமாம், அதை வைத்துத்தான் அடவு மாற்றுவாராம். இத்தனை வருசம் அவர் ஆட்டத்தைப் பார்த்தும் இது எனக்குத் தெரியாது. கேட்டதே இல்லையே.

நம்ம பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பில் மாமா மகன் படிக்கிறான். டெஸ்க்கில் தட்டித் தட்டி அடி வாங்குவான். அவன் தட்டுவது சும்மா இல்லை, உச்ச மகுடத்து அடி. அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ‘எழுதுக்கா, ஆனா எம்பேர் போடாத’ என்றான். போடவில்லை.

பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் என்று ஒரு துறையே இருக்கிறது. இந்த மாதிரிக் கலைகளைப் படிப்பதற்கு. அதில் பட்டம் வாங்கலாம் என்று தமிழ் ஐயா சொன்னார். அதுவரை கூத்து படிக்கிற விஷயம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

இப்போது இதை ஏன் எழுதினேன் என்று சொல்லிவிடுகிறேன். இந்த வருசக் கொடைக்கு வரி பிரிக்கக் கூட்டம் போட்டார்கள். இளைஞர்கள் செண்டை மேளமும் பாட்டுக் கச்சேரியும் வேண்டும் என்றார்கள். பெரியவர்கள் சாமிக்குக் கணியான் இல்லாமல் முடியாது என்றார்கள். கடைசியில் பேசி, விடிய விடிய நடந்த கூத்தை ரெண்டு மணி நேரமாகக் குறைத்துவிட்டார்கள். மற்ற நேரம் செண்டையும் கச்சேரியும். செண்டை எனக்கும் பிடிக்கும், அது வேறு. ஆனால் ரெண்டு மணி நேரத்தில் சுடலை பிறந்து, கைலாயத்தை விட்டு இறங்கி, மலையாளம் போய்ச் சண்டை போட்டு வர முடியுமா? எந்த இடத்தை வெட்டுவது என்று அண்ணாவி தாத்தா ஒரு வாரமாகத் திண்ணையில் உட்கார்ந்து முணுமுணுத்துப் பார்க்கிறார். கூட்டம் நின்று கேட்டால் இன்னும் ஒரு மணி நேரம் விடுவதாகக் கோயில் ஆட்கள் சொல்லியிருக்கிறார்கள். கிஸ்ஸுக்கு ‘ராக் அண்ட் ரோல் ஆல் நைட்’ என்று ராத்திரி முழுக்கக் கொண்டாடுகிற பாட்டு ஒன்று உண்டு. பாடுவது அப்படி, நிகழ்ச்சி ரெண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். நிஜமாகவே ராத்திரி முழுக்கப் பாடுகிறவர்கள் நம்ம ஊரில்தான் இருந்தார்கள்.

கொடை பங்குனி மூணாவது வெள்ளிக்கிழமை. மறுநாள் சனி, பள்ளிக்கூடம் கிடையாது. கச்சேரி முடிந்து பதினொன்றரைக்கு மேல் கூத்து. தயவுசெய்து தூங்கப் போய்விடாதீர்கள். கொஞ்சம் முன்னால் வந்தால் வேப்பமரத்துப் பக்கம் மகுடம் காய்ச்சுவார்கள், கிட்டத்தில் நின்று தோல் இறுகும் சத்தத்தைக் கேட்கலாம். ஸ்பீக்கருக்கு முன்னால் உட்காராதீர்கள், மந்தம் சரியாகக் கேட்காது. பந்தலுக்கு இடப்பக்கம் மண் தரையில் செருப்பைக் கழற்றிவிட்டு நில்லுங்கள். பச்சைச் சேலை கட்டியிருப்பவர் என் மாமா.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி